கோடைக்கு முன்னே தளிர்



எருசலேம் ஆலயத்தைவிட்டு வெளியே வரும்போது சீடர் ஒருவர் அதன் பெரிய பெரிய கற்களைக் காட்டி வாய்பிளக்கிறார். மாற்கு 13ஆம் அதிகாரம் அப்படித்தான் தொடங்குகிறது. ஆண்டவருக்கு அந்தக் கற்களில் மயக்கம் ஏதும் இல்லை. ஒலிவ மலைக்குப் போய், ஆலயத்துக்கு எதிரே உட்கார்ந்து, பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா நால்வரிடமும் வரப்போகிற துன்பங்களைப் பேசுகிறார். பேச்சு முடிகிற இடத்தில், அதாவது இன்று நாம் கேட்ட பகுதியில், ஒரு மரத்தைக் காட்டுகிறார். சீடர் கல்லைக் காட்டினார், ஆண்டவர் அத்திமரத்தைக் காட்டினார். அந்தக் கற்கள் கி.பி. 70இல் சரிந்துபோயின. அந்நாட்டு மலைச்சரிவுகளில் அத்தி இன்றைக்கும் ஆண்டு தவறாமல் தளிர்க்கிறது.

நம் பங்குப்பேரவையிலும் கொஞ்ச நாளாகக் கல்லா மரமா என்ற பேச்சுதான். கெபி என்கிற குகைச் சிற்றாலயத்துக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் நடுவே மேற்கு முற்றம் வெறுமையாகக் கிடக்கிறது. நிழல் வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்று. எந்த நிழல் என்று கேட்டால் அன்பியம் என்கிற ஒவ்வொரு பங்குக் குழுவுக்கும் ஒரு பதில். இன்றைய நற்செய்தியை வைத்துக்கொண்டே அதைப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். மரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் ஆண்டவர்தானே.

அந்த முற்றம் எப்படி வெறுமையானது என்று சிறுபிள்ளைகளுக்குத் தெரியாது.  2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலை, வேதாரண்யம் பக்கத்தில் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னையை நம்பிப் பிழைத்த ஊர்களெல்லாம் விடிந்து பார்த்தபோது தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, 18ஆம் தேதி. திருவழிபாட்டு நாள்காட்டியில் இன்றைப்போல அன்றும் பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு, அன்றும் இதே வாசகம். மின்சாரம் இல்லாத கோயில்களில், கூரை ஓடு பறந்துபோன கோயில்களில், கதிரவன் இருண்டுபோவதையும் விண்மீன்கள் விழுவதையும் பற்றிய இந்தப் பகுதியை நம் டெல்டா மக்கள் கேட்டார்கள். அதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டிய தேவை அன்று எந்தக் குருவுக்கும் இருந்திருக்காது.

மேற்கு முற்றத்தில் நின்ற மே ஃப்ளவர் மரங்கள் இரண்டும் அன்று சாய்ந்தவைதான். வேரோடு புரண்டு கிடந்ததை உங்களில் பலர் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்கள். மரம் முப்பதடி உயரம், வேரோ மண்ணுக்குக் கீழே இரண்டடி தாண்டவில்லை. தட்டையாகப் பரந்த வேர். மதில் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டியபோதே வெட்டுப்பட்ட வேர்முனைகள் கறுத்து, மழுங்கி இருந்தன. ஒரு மரத்தின் நட்டநடுவில், அடித்தண்டுக்கு நேர் கீழே, நாற்றுப்பை அளவுக்கு ஒரு வேர்முடிச்சு, முறுக்கு மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடந்தது. பிளாஸ்டிக் பையில் அதிக நாள் கிடந்த கன்று, போக இடமில்லாமல் தன்னையே சுற்றிக்கொண்ட வேர் அது. பையைக் கிழித்து நட்ட பிறகும் அந்தச் சுற்று அவிழவில்லை. மேலே கிளை விரிந்தது, பூத்தது, பெருநாளுக்குப் பந்தலாக நின்றது, கீழே பழைய பையின் வடிவம் மாறவே இல்லை. விழுகிற நாள் வரைக்கும் அது வெளியே தெரியவும் இல்லை.

இப்போது இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் அந்த மே ஃப்ளவரையே மறுபடியும் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அந்த மரம் மே மாதத்தில் சிவந்து நிற்கும்போது கண்ணை எடுக்க முடியாது. சீக்கிரமும் வளரும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பங்குனியில் அது மொட்டை. சித்திரையில் பூ. இலை வந்து அடர்வதற்குள் அக்கினி நட்சத்திரம் பாதி கழிந்துவிடும். நமக்கு நிழல் தேவைப்படுகிற வாரங்களில் அது அழகு கொடுக்கும், நிழல் கொடுக்காது. காற்றடித்தால் கிளை முறியும். படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக மதிலுக்கு வெளியே, தெருவிளக்குக் கம்பியைவிட்டுத் தள்ளி ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

வேறு சிலர் தூங்குமூஞ்சி மரம் என்றார்கள். அது தென் அமெரிக்கப் பக்கத்து மரம். உயரத்தைவிட அகலமாகக் குடை விரிக்கும், சாயங்காலமானால் இலை மடக்கும். அதற்கு முற்றம் போதாது, மைதானம் வேண்டும். நாட்டு வாதுமையைத் தாய்மார்கள் விரும்புகிறார்கள், பிள்ளைகள் கொட்டை பொறுக்கித் தின்னும். இலை விழுமுன் சிவப்பதும் அழகுதான், ஆனால் நம் பக்கத்தில் ஆண்டில் இரண்டு தடவை உதிர்த்துவிடுகிறது. அரசமரம் என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உடனே இன்னொருவர், அது அவர்கள் கோயில் மரமாயிற்றே என்றார். மரத்துக்கு நாம் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பதில்லை, ஐயா. அரசு வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. மணிக்கூண்டு விரிசலில் பறவை போட்ட விதையிலிருந்து ஒரு கன்று முளைத்து, அதைப் பிடுங்க நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். சுவர் ஓரத்தில் அதை நட்டால் நாளைக்குச் சுவர் அதன் கையில்.

ஓர் அன்பர் தகரக் கொட்டகை போட்டுத் தருவதாக முன்வந்திருக்கிறார். நல்ல மனசு, நன்றி சொல்ல வேண்டியது. ஒரே வாரத்தில் நிழல் தயார், சருகு கிடையாது, பெருக்க வேண்டாம், உபயம் இன்னார் என்று பலகையும் மாட்டலாம். மரத்தில் பலகை நிலைக்காது, ஆணி அடித்தாலும் சில ஆண்டில் பட்டை மூடி விழுங்கிவிடும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் மேலே நிற்கிறது, வெக்கை கீழே இறங்கிவிடுகிறது. மரத்தடியில் அப்படி இல்லை. இலை தன் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே காற்றே வேறு.

திருவிவிலியத்தில் நிழலைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு, இரண்டும் நமக்கு எச்சரிக்கை. யோனாவுக்கு ஆண்டவர் ஓர் ஆமணக்கை முளைக்கச் செய்தார். ஒரே இரவில் வளர்ந்தது. யோனாவுக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. மறுநாள் விடியலில் ஒரு புழு அரித்தது, செடி வாடியது, வெயில் தலையில் அடித்தது, சாவதே மேல் என்று புலம்பினார் இறைவாக்கினர். நீதித்தலைவர்கள் நூலில் யோத்தாம் சொன்ன கதை இன்னும் சுருக்கென்று தைக்கும். மரங்கள் தங்களுக்கு ஓர் அரசரைத் தேடிப் புறப்பட்டன. ஒலிவமரம் மறுத்தது, அத்தி மறுத்தது, திராட்சைக் கொடியும் மறுத்தது. கடைசியில் முட்புதரிடம் போயின. அது உடனே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, என் நிழலுக்கு வந்து சேருங்கள் என்று அழைப்பும் விடுத்தது! முட்புதருக்கு ஏது நிழல்? இல்லாத நிழலைத் தருவதாகச் சொல்லி வருகிறவர்களை நாம் தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறோம், அதற்குள் நான் போகவில்லை. சீக்கிரம் கிடைக்கிற நிழலையும், தானாக வந்து நிற்கிற நிழலையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள் என்பதோடு விடுகிறேன்.

சரி, அத்திமரத்துக்கு வருவோம். ஆண்டவர் உட்கார்ந்திருந்தது ஒலிவ மலையில். சுற்றிலும் ஒலிவ மரம், மலைக்கே அதன் பெயர். கைநீட்டினால் தொடக்கூடிய அந்த மரத்தை விட்டுவிட்டு அவர் ஏன் அத்தியைச் சொன்னார்? ஒலிவமரம் இலை உதிர்ப்பதில்லை. மார்கழியிலும் சித்திரையிலும் அது ஒரே மாதிரிதான் நிற்கும், அதைப் பார்த்து மாதம் சொல்ல முடியாது. அங்கே வளர்கிற பாதாம் வாதுமை உதிர்க்கும், ஆனால் அவசரக்காரி, குளிர் போகுமுன்னே பூத்துவிடுவாள். அத்தி அப்படியில்லை. குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும். மற்றவை பூத்து முடித்த பிறகுதான் கிளையில் பால் ஏறி, முனை இளகி, இலை விடும். அது இலை விட்டுவிட்டால் கோடை வாசலில் என்று அர்த்தம். ஆண்டவர் இதைப் பேசியது பாஸ்காவுக்கு முந்தைய நாள்களில். அந்த வாரத்தில் மலைச்சரிவில் அத்தி தளிர்விட்டுக்கொண்டிருந்திருக்கும். அவர் புத்தகத்து உவமை சொல்லவில்லை, எதிரே நின்றதைக் காட்டிச் சொன்னார்.

இலை உதிர்க்கிற மரத்தால்தான் காலத்தைச் சொல்ல முடியும். அதனால்தான் நம் முற்றத்துக்கும் இலை உதிர்க்கிற மரத்தையே கேட்கிறேன்.

இந்த உவமையைப் பிரசங்கிக்க ஐரோப்பாவில் ஒரு குரு கொஞ்சம் சிரமப்பட வேண்டும். அங்கே தளிர் என்றால் பனி போயிற்று, கஷ்டம் தீர்ந்தது, இனி இதமான நாள் என்று பொருள். நற்செய்தியில் சொல்வது அது இல்லை. அத்தி தளிர்த்தால் கோடை நெருங்குகிறது. யூதேயாவின் கோடை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம், ஏறக்குறைய நம் கோடைதான். மாதக்கணக்கில் சொட்டு மழை இல்லாத கோடை. வெயில் முடிந்த பிறகு வருகிற தளிர் இல்லை இது, வெயில் வருமுன் வருகிற தளிர். நம் ஊர்ப் புங்கமரத்தைத் தெரிந்தவனுக்கு இது உடனே விளங்கும்.

புங்கமரத்தைப் பாருங்கள். மாசியில் இலை பழுத்து மஞ்சளாகி, காற்று வீசும்போதெல்லாம் கொட்டும். சில நாள் மரம் கிட்டத்தட்ட வெறுமையாகவே நிற்கும். பங்குனி பிறந்ததும், ஒரு மழையும் பெய்யாமலே, கிளை முழுக்கப் பளபளவென்று இளம்பச்சைத் தளிர். அந்தத் தளிரில் வெயில் பட்டால் எண்ணெய் தடவியதுபோல மின்னும். ஏரி வற்றுகிறது, கிணற்றில் வாளி கல்லில் இடிக்கிறது, அந்த நேரத்தில் இந்த மரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து? ஐப்பசி கார்த்திகையில் பெய்தது ஆழத்தில் கிடக்கிறது, வேர் அங்கே போயிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பழைய இலை இருக்கும்வரை மரம் அதன் வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும். இலையை உதிர்த்த பிறகுதான் தண்டில் நீர் ஏறி நிறைகிறது. அந்த நிறைவிலிருந்துதான் புதுத் தளிர். உதிர்க்காமல் இருந்திருந்தால் அந்த வெயிலில் தளிர்த்திருக்க முடியாது.

நம் திருச்சபை நாள்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025இல் திருநீற்றுப் புதன் மார்ச் 5, மாசி மாதம். நீங்கள் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு போகும்போது புங்கை இலையைக் கொட்டிக்கொண்டிருக்கும். உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 20, அதற்குள் அது முழுக்குடை விரித்துவிடும். அந்த நாற்பது நாளில் நாமும் சிலவற்றை விடுகிறோம். சிலர் புலால் விடுகிறோம், சிலர் குடியை விடுவதாகச் சொல்கிறோம். விடுவது வெறும் தண்டனை என்று நினைப்பவர்கள் புங்கமரத்தடியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பகைமையைத் தாங்கிக்கொண்டிருக்கிற மனசும் இலை வழியாக நீரை இழக்கிற மரம்தான். பங்காளியோடு வரப்புச் சண்டை, வட்டிப் பணம் வராத கோபம், திருவிழா வரிக் கணக்கில் ஐந்து வருஷத்துக்கு முன் யாரோ சொன்ன ஒரு சொல், இதையெல்லாம் உதிர்க்காமல் வைத்துக்கொண்டு வறட்சியைத் தாண்ட முடியாது. கடினமான நாள் வந்த பிறகு நம்பிக்கையைத் தேடி ஓடுகிறவர்கள் நாம். ஆண்டவர் காட்டுகிற மரம் கடினமான நாள் வருமுன்பே தயாராகிவிடுகிறது. துன்பம் தொடங்குமுன் தருகிற அருள் அது. கஜா வந்த மறுநாளே அக்கம்பக்கத்து ஊர்களில் உலை வைத்து ஊருக்கே சோறு போட்டவர்களைப் பார்த்தோமே, அந்தக் கை புயலன்று முளைத்த கை இல்லை.

சருகுக்கு வருகிறேன். இலை உதிர்க்கிற மரம் என்றதும் எழுகிற முதல் எதிர்ப்பு, யார் பெருக்குவது? நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் விளக்குமாறு எடுத்தவர்கள் இல்லை. கோயிலைப் பெருக்குகிற அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது, புங்கஞ்சருகு ஒரே மூச்சில் கொட்டி முடிந்துவிடும், மாமரம்தான் வருஷம் முழுக்கத் தினம் பத்து இலை போட்டு இடுப்பை ஒடிக்கும். எப்படியானாலும் அந்த ஒரு மாதம் அவர் தலையில் மட்டும் அது விழக்கூடாது. தவக்காலத்தில் அன்பியத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துப் பெருக்குவோம். பெருக்கியதைக் கொளுத்த வேண்டாம், தென்கோடியில் ஒரு குழி போதும். புங்கந்தழையை வயலுக்கு வெட்டிப் போட்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அதன் அருமையை அவர்கள் சொல்வார்கள்.

யாருக்கு நிழல் என்றும் கேட்டுவிட வேண்டும். இன்று உலக வறியோர் நாள். திருத்தந்தையாக இருந்த பிரான்சிஸ் 2017இலிருந்து இந்த 33ஆம் ஞாயிற்றை அப்படிக் கொண்டாடச் சொன்னார். நடுப்பகலில் நம் மதில் ஓரம் போய்ப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள், நம் மக்களும் மற்ற மக்களும், சுவர் போடுகிற ஒரு முழ நிழலில் வரிசையாகக் காலை மடக்கிக்கொண்டு தூக்குவாளியைத் திறக்கிறார்கள். சுவரின் நிழல் சூரியனோடு ஒதுங்க ஒதுங்க அவர்களும் நகர்ந்து உட்காருகிறார்கள். வீட்டில் ஏசி வைத்திருக்கிறவருக்கு மரம் அலங்காரம். இவர்களுக்கு அது மதியச் சாப்பாட்டின் பாதி. ஆகவே மரத்தை நடும் இடம் கெபிக்கு அழகா என்பது இரண்டாவது கேள்வி. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து வருகிறது, மரம் மேற்கே நிற்க வேண்டும், வாசலைப் பூட்டாமல் விட வேண்டும். புனித வெள்ளி சிலுவைப்பாதையில் பிள்ளைகள் மயங்கி விழுவதும் அதனால் குறையும்.

வேம்பைச் சொன்ன பெரியவர்களுக்கு என் வணக்கம். அதன் நிழலில் குற்றமில்லை. ஆனால் ஊரில் வீட்டுக்கொரு வேம்பு இருக்கிறது. என் மனம் இலுப்பையில் நிற்கிறது. அதைச் சொன்னவர் ஒரு பாட்டி மட்டும்தான். விடியுமுன் எழுந்து இலுப்பைப்பூ பொறுக்கப் போனதை அவர் சொன்னபோது பேரவையில் பாதிப் பேருக்கு அந்த மரமே தெரியவில்லை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பழமொழி மட்டும் வாயில் இருக்கிறது, மரம் போய்விட்டது. அதுவும் இலை உதிர்க்கும், பூவிடும், கோடையிலேயே செம்புநிறத் தளிர் விடும். கொட்டையில் எண்ணெய். வௌவால் வரும் என்பது உண்மை, அதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மெதுவாக வளரும். உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு நிழல் வேண்டுமென்றால் இன்று திருமுழுக்குப் பெறுகிற குழந்தைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிற காலம் ஆகிவிடும். அதற்கு ரொம்ப முன்னாலேயே எனக்கு மாற்றல் வந்துவிடும். ஆபிரகாம் பெயேர்செபாவில் ஒரு மரம் நட்டார் என்று தொடக்கநூல் சொல்கிறது. அந்த நாட்டில் அவர் அந்நியராகத் தங்கியிருந்தவர், நிலம் அவருடையது இல்லை. நட்டார், ஆண்டவர் பெயரைச் சொல்லி வழிபட்டார். பங்குக்கு வந்து போகிற குருக்களுக்கு அதைவிடப் பொருத்தமான வரி இல்லை என்று எனக்குப் படுகிறது.

என் வாக்கு இதுதான்: மேற்கே இரண்டு புங்கை, தென்மேற்கு மூலையில், எந்தச் சுவரிலிருந்தும் இருபதடி தள்ளி, ஓர் இலுப்பை. பேரவை வேறு முடிவெடுத்தால் கட்டுப்படுகிறேன், தகரக் கொட்டகையைத் தவிர. கொட்டகை தர நினைத்த அன்பர் மூன்று கன்றுக்கும் ஆடு மேயாமல் இரும்புவேலி போட்டுத் தரட்டும், அதில் பலகை மாட்டிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே நட்டுவிட வேண்டும். குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. கன்று வாங்கப் போகிறவர்கள் உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், சின்னப் பையில் ஆளுயரம் நிற்கிற கன்றுக்குக் கீழே என்ன இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நடுமுன் பையை முழுக்கக் கழற்றி, சுற்றிக்கொண்ட வேர் இருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாததைக் கத்தரித்துவிடுங்கள். அடியைச் சுற்றி நாலடிக்குச் சிமெண்ட் கூடாது. முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பை மறைக்கல்வி மாணவர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், குடத்தைப் பெற்றோர் தரவேண்டும். குழி தோண்ட வருகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் கெபிப் பக்கம் நில்லுங்கள். கோயிலில் கடப்பாரை ஒன்றுதான் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.